சுருட்டுக்குப் பங்கில்லை

எங்கள் கிறிஸ்தவ சபையில் ஒருவருக்கு நோய், வருத்தம் என்று வந்து அதனால் செலவும் வந்தால் மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்டுவோம். இதைச் சொன்னால் என்னோடு வேலை செய்கிற பெண்கள் சிரிப்பார்கள். லண்டனில் ஆஸ்பத்திரி இலவசம்தானே, பிறகென்ன பங்கு என்று கேட்பார்கள். சேர்ந்த புதிதில் நானும் அதைத்தான் கேட்டேன்.

இலவசம் என்பது இங்கே குடியிருக்கிறவர்களுக்கு. விசிட் விசாவில் வந்து நிற்கிற அம்மா, அப்பா ஆஸ்பத்திரியில் படுத்தால் பில் வரும். அதுவும் கொஞ்ச நஞ்சமாக வராது. அதற்காக இன்சூரன்ஸ் எடுக்கப் போனால், ஏற்கெனவே இருக்கிற வருத்தத்தால் என்ன வந்தாலும் நாங்கள் தரமாட்டோம் என்று முதலிலேயே எழுதிவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் எழுபது வயதில் சீனி வருத்தமும் பிரஷரும் இல்லாத ஒரு ஆளை எங்கே போய்ப் பிடிப்பது?

இப்படி அடிபட்ட சில குடும்பங்கள் பிளேஸ்டோவில் எங்கள் சபையில் தொடங்கியதுதான் இந்தப் பங்கு. இதற்கென்று பொதுப் பெட்டி கிடையாது, தனி வங்கிக் கணக்கும் கிடையாது. மாதம் பிறந்தால் போதகரின் மனைவி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுவார். அவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். இந்த மாதம் இந்தக் குடும்பத்துக்குத் தேவை, காரணம் இது என்று அதில் இருக்கும். அவரவர் பங்கை நேரே அந்தக் குடும்பத்துக்கு அனுப்பிவிட்டு, அவர்களுக்காக ஜெபமும் செய்வோம். தாய் தகப்பனின் ஆஸ்பத்திரிச் செலவு, பல் வைத்தியம், வேலைக்குப் போக முடியாமல் படுத்திருக்கிறவர்களின் வீட்டு வாடகை என்று எத்தனையோ காரியம் அப்படி நடந்திருக்கிறது.

சேர வருகிற எல்லோருக்கும் அக்கா இரண்டு விஷயத்தைச் சொல்லிவிடுவார். ஒன்று, இது இன்சூரன்ஸ் இல்லை. சட்டப்படி யாரும் யாருக்கும் பொறுப்பில்லை. மனமிருந்தால் போடுவார்கள், இல்லாவிட்டால் இல்லை. மற்றது, குடியாலும் புகையாலும் வருகிற வருத்தத்துக்குப் பங்கில்லை.

மனமிருந்தால் போடுவார்கள் என்ற பேச்சுத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஊர் ஊராக இடம்பெயர்ந்து திரிந்ததில் படிப்பு அப்படியே நின்றுபோனது. படித்தவர்கள் எழுத்தைச் சந்தேகப்படுவார்களாம். எனக்கு எழுத்தென்றால் பயம், பயம் என்றபடியால் மரியாதை. கையெழுத்து வைத்து, சீல் அடித்து ஒன்றைத் தந்தால் நம்புவேன். வாயால் சொன்னதை எப்படி நம்புவது? மாதாமாதம் பங்கை அனுப்புகிறபோதெல்லாம், எங்களுக்கு ஒன்று வந்தால் இந்தச் சனம் போடுமா என்று ஒரு கேள்வி கூடவே வரும். என் கணவர் இதையெல்லாம் பகிடியாகத்தான் எடுப்பார். "நீர் மழை பெய்தாலும் யோசிப்பீர். பெய்யாட்டி ஏன் இன்னும் பெய்யேல்லை எண்டு யோசிப்பீர்" என்பார்.

அப்பா வருவதாக முடிவானதும் நான் இன்சூரன்ஸும் எடுத்தேன். பங்கும் இருக்கட்டும், எழுத்தும் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அம்மா போனபிறகு அப்பா ஊரில் தனியாக இருக்கிறார். அவர் சைவம். நான் இங்கே வந்துதான் சபைக்குப் போகத் தொடங்கியவள். அதைப்பற்றி எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. அவர் காலையில் திருநீறு பூசிக்கொண்டு தேவாரம் பாடுவார், நான் ஜெபம் முடித்துத் தேத்தண்ணி கொடுப்பேன். எனக்கு இருந்த ஒரே இடைஞ்சல், அவருடைய பெட்டியில் மிளகாய்த்தூளுக்கும் ஊறுகாய்க்கும் நடுவே இருந்த சுருட்டுக் கட்டு.

குட்மேய்ஸில் எங்கள் வீட்டுப் பின்வளவு ஒரு பாய் விரிக்கிற அளவுதான். மார்ச் மாதக் குளிரில், சாரத்துக்கு மேல் என் கணவரின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அப்பா அங்கே நின்று சுருட்டுப் பற்றுவார். உள்ளே வாருங்கள் என்றால், வீட்டுக்குள் பற்றினால் பிள்ளைகளுக்குக் கூடாது என்பார். பற்றாமல் விடுங்கள் என்றால் காது கேட்காதவர் மாதிரி நிற்பார்.

கொஞ்ச நாளில் இருமல் தொடங்கியது. குளிர்தான் என்றார். பிறகு காய்ச்சல் வந்தது. ஒரு நாள் மத்தியானம் மூன்று படி ஏறிவிட்டு, மேலே போகவும் முடியாமல் கீழே வரவும் முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கணவர் அவரை நேரே எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனார். நியூமோனியா என்று சொல்லி, மூக்கில் ஒட்சிசன் குழாயை வைத்து, வார்டில் படுக்க வைத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் வெளிநாட்டவர் கட்டணத்தைப் பார்க்கிற பெண் ஒருத்தி வந்தாள். நல்ல மரியாதையான பிள்ளை. வைத்தியத்தை யாரும் நிறுத்தப் போவதில்லை, அதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் பில் வரும் என்றாள். அது கட்டாமல் கிடந்தால் பிறகு விசா கேட்கிறபோது மறுக்கலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று கேட்டேன். அவள் சொன்ன தொகையை வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எங்கள் இரண்டு பேரின் சம்பளத்தோடு வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். எப்படி வைத்தாலும் எட்டவில்லை. அப்பா திரும்ப லண்டன் வர ஏலாது, எங்களுக்கு எல்லோருமாக ஊருக்குப் போய்வர வசதி இல்லை, இனி அவரைத் தொலைபேசியில்தான் பார்ப்பேன் என்று அந்த பஸ்ஸிலேயே முடிவு கட்டிவிட்டேன்.

இன்சூரன்ஸுக்குப் போன் அடித்தோம். ஊரில் அப்பாவுக்கு எப்போதோ இழுப்பென்று மருந்து கொடுத்திருந்தார்கள். நெஞ்சு வருத்தம் ஏற்கெனவே இருந்திருக்கிறது, அதனால் இது இன்சூரன்ஸில் அடங்காது என்றார்கள். அந்தப் பக்கம் பேசினவள் மன்னிக்கவும், மன்னிக்கவும் என்று பல தரம் சொன்னாள். அவளில் பிழை இல்லை. அவளுக்கு முன்னால் எழுத்தில் இருந்ததைத்தான் அவள் வாசித்தாள்.

மிஞ்சியது சபைதான். அக்காவுக்குச் சொன்னேன். அன்று பின்னேரமே ஒரு பிளாஸ்கில் கோழி சூப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். அப்பாவுக்குச் சூப்பை ஊற்றிக் கொடுத்து, காலடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, டொக்டர் என்ன சொன்னார், பில் எவ்வளவு வரும், இன்சூரன்ஸ் என்ன சொன்னது என்று ஆறுதலாகக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. எல்லாரிட்டையும் கேக்கிறதுதான். குடி, புகை ஏதும் இருக்கோ?"

எப்படித் தொடங்குவது என்று வசனம் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அப்பா குழாயைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுச் சொன்னார்.

"சுருட்டு இருக்குப் பிள்ளை. மீசை முளைக்க முன்னம் தொடங்கினது. குடி இல்லை. கலியாண வீட்டில மட்டும்."

"கலியாண வீட்டை விடுவம்" என்று அக்கா சிரித்தார். சிரித்து முடித்து என்னைப் பார்த்தார். "தங்கச்சி, சுருட்டு எண்டபடியா நான் தனிய ஓம் எண்டு சொல்லேலாது. உள்ளதை உள்ளபடி எல்லாருக்கும் சொல்லுறன். அவையவை முடிவெடுக்கட்டும்."

நான் வெளியே போய், லிப்டுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். அப்பாவில்தான் கோபம் வந்தது. ஊரில் பக்கத்து வீட்டுக்காரனுக்குக்கூடத் தன் வயதைச் சரியாகச் சொல்லாத மனிதர், இங்கே வந்து அரிச்சந்திரனாகிவிட்டார்.

அக்காவின் செய்தி மறுநாள் வந்தது. நான் வேலைக்குப் போகிற வழியில் அதை எழுத்தெழுத்தாக வாசித்தேன். இந்தச் சகோதரியின் தகப்பன் சுருட்டுப் பற்றுகிறவர். வயது, குளிர், புகை மூன்றும் சேர்ந்ததுதான் காரணம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். எங்கள் ஒழுங்கு என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு குடும்பமும் தேவனுக்கு முன்பாக யோசித்துத் தாங்களே முடிவெடுங்கள். போட்டவர் யார், போடாதவர் யார் என்று யாரும் யாரையும் கேட்கப் போவதில்லை. அவ்வளவுதான். அதில் எங்களுக்காக ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

அதன்பிறகு என் போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டேன். அது டிங் என்று சத்தம் போட்டால் எனக்கு நெஞ்சு அடித்தது, போடாவிட்டாலும் அடித்தது. அவர் பார்த்துப் பார்த்துச் சொல்லுவார். இன்னார் அனுப்பியிருக்கினம். இவை கொஞ்சம் கூடுதலா அனுப்பியிருக்கினம். இவை அப்பாவைச் சுருட்டை விடச் சொல்லி எழுதியிருக்கினம். எனக்கு அதிலும் ஆறுதல் வரவில்லை. அக்காவின் முகத்துக்காகப் போடுகிறார்கள், உள்ளுக்குள் சலித்துக்கொண்டு போடுகிறார்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை இவர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றுதான் மனம் ஓடியது. வராவிட்டால் பில்லை நினைத்துக் கவலைப்பட்டிருப்பேன். வந்தது, வந்ததை நினைத்துக் கவலைப்பட்டேன்.

சனிக்கிழமை கதவு மணி அடித்தது. இல்ஃபோர்டில் கார் திருத்துகிற கடை வைத்திருக்கிற அண்ணை நின்றார். சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆராதனை முடிந்ததும் யாரோடும் அதிகம் கதைக்காமல் போய்விடுகிறவர். எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. உள்ளே வந்து, சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். உட்காரவில்லை.

"தங்கச்சி, நான் இந்த முறை போடேல்லை. அதை உங்களுக்கு நேர சொல்லவேணும் எண்டுதான் வந்தனான்."

பரவாயில்லை அண்ணை என்றேன். பரவாயில்லை என்பதல்ல, காரணத்தைக் கேளுங்கள் என்றார். அவருடைய தமையன் குடித்தே ஈரலைக் கெடுத்துக்கொண்டவராம். கடைசி மாதங்களில் வேலை இல்லை, வாடகை கட்ட வழி இல்லை. ஒழுங்கு தெரிந்தபடியால் இவர் சபையில் கேட்கவே இல்லை. தனியாகச் சுமந்து, தனியாகப் புதைத்திருக்கிறார்.

"இப்ப உங்கட அப்பாவுக்குப் போட்டனெண்டால், தமையனுக்கு நான் கேக்காமல் விட்டதுக்கு என்ன அர்த்தம்? எனக்கு மனம் வரேல்லை. உங்களில கோவம் இல்லை. போட்டவையிலயும் கோவம் இல்லை."

தேத்தண்ணி போட்டேன். இப்போது உட்கார்ந்தார். போகிறபோது, ஐயாவை எப்போது விடுவார்கள், கூட்டிவரக் கார் வேண்டுமென்றால் சொல்லுங்கள், பெரிய காராகக் கொண்டுவருகிறேன் என்றுவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு நான் அப்படியே படியில் இருந்துவிட்டேன். எனக்கே விளங்கவில்லை. பங்கு தராத மனிதர் வந்து போனபிறகு ஏன் எனக்கு ஆறுதல் வர வேண்டும்? கணவர் வந்து கேட்டபோது, சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. இந்தச் சபையில் ஒரு ஆள் தரமாட்டேன் என்று சொல்லலாம். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தேத்தண்ணியும் குடிக்கலாம். அப்படியென்றால் மற்றவர்கள் ஓம் என்று சொன்னது யாருடைய முகத்துக்காகவும் இல்லை. விரும்பித்தான் போட்டிருக்கிறார்கள்.

"இதை நான் முதலே சொன்னனான்" என்றார் கணவர். அவர் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நான் சண்டைக்குப் போகவில்லை. போனை வாங்கி, வந்த செய்திகளையெல்லாம் முதலிலிருந்து நானே வாசித்தேன். ஒருவர் தன் தகப்பனும் கடைசிவரை பற்றினவர்தான் என்று எழுதியிருந்தார். ஒரு பெண், ஐயாவுக்குக் கம்பளிக் காலுறை வாங்கி வைத்திருக்கிறேன், என்ன அளவு என்று கேட்டிருந்தாள். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் போடாமல் கிடந்தது. உடனே போட்டேன்.

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட அன்று அந்த அண்ணைதான் கார் கொண்டுவந்தார். அப்பா முன் சீட்டில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். அவர் வீட்டுக்கு வந்து சொன்னதை நான்தான் அப்பாவிடம் சொல்லியிருந்தேன்.

"தம்பிதான் காசு தரமாட்டன் எண்டு சொன்ன ஆளோ?"

பின்னால் இருந்த எனக்கு உயிர் போய் வந்தது. கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஓம் ஐயா, நான்தான்."

"நல்லது. என்ர மகளுக்கும் கன காலமாச் சொல்லுறன், சுருட்டுப் பத்துறவனுக்கு இடம் குடுக்கக் கூடாதெண்டு" என்றார் அப்பா.

அப்பா அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. அண்ணைக்குச் சிரிப்பு வந்ததில் சிக்னல் பச்சையானது தெரியவில்லை, பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். வீடு வரும்வரை இரண்டு பேரும் ஊரில் அந்தக் காலத்தில் ஓடிய கார்களைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

வந்த பங்குகளோடு எங்கள் கையிருப்பையும் போட்டுப் பில்லைக் கட்டினோம். சில நாள் கழித்து, எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று ஆஸ்பத்திரியின் கட்டணக் கந்தோருக்கு நான்தான் போன் அடித்தேன். அந்த மரியாதையான பெண்தான் எடுத்தாள். ஒன்றும் பாக்கி இல்லை என்றாள். திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். விசாவுக்கு ஒரு இடைஞ்சலும் வராதா என்றேன். இந்தப் பில்லால் வராது என்றாள். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான், மூன்றாம் தரமும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை என்பதைக் கவனித்தேன்.

அப்பா அடுப்படி மேசையில் புதுக் கம்பளிக் காலுறையோடு இருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். கட்டி முடிந்தது என்றேன்.

"அப்ப நான் திரும்பி வரலாமோ?"

"ஓம் அப்பா. வரலாம்."

இன்னும் கொஞ்சம் சொதி விடச் சொன்னார். விட்டேன். பிறகு எனக்கும் இடியப்பத்துக்கு ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரே இருந்தேன். நல்ல பசி எடுத்திருந்தது.