ரெக்கார்டில் ஒரு செருமல்

ஆரணியில் விசைத்தறி ஓட்டுகிற ஒருவர் இங்கிலாந்து ரெக்கார்டு சேர்க்கிறார் என்றால் யார் நம்புவார்கள்? சந்திரமோகன் சேர்த்தார், அதுவும் நாற்பது வருஷமாக. பக்கத்துக்கு ஒரே பாட்டு உள்ள சின்ன ரெக்கார்டுகள். ஒன்றோ இரண்டோ போட்டுவிட்டு ஊர் பேர் தெரியாமல் போன குழுக்கள் பாடியவை. அந்தக் கூச்சலுக்குப் பங்க் என்றும் நியூ வேவ் என்றும் பெயர் இருப்பதே செல்போன் வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும்.

இருபத்தொரு வயதில் முதலாளிக்காகச் சென்னைக்குப் புடவைக் கட்டு கொண்டுபோனார். துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில், கப்பல்காரர்கள் தள்ளிவிட்டுப் போன குவியலில் முதல் ரெக்கார்டு கிடைத்தது. கடைக்காரர் போட்டுக் காட்டினார். பாட்டு தொடங்குமுன் ஒரு பெண் லேசாகச் செருமினாள். பிறகு வீடு இடிகிற மாதிரி கத்தினாள். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் பகலெல்லாம் தறிச் சத்தத்தில் வாயைத் திறக்காமல் நிற்கிற தனக்கும் சேர்த்து அவள் கத்துவதாக அவருக்குப் பட்டது. அந்தச் செருமலை யாரும் நீக்காமல் விட்டிருந்தது இன்னும் பிடித்துப்போனது.

கல்யாணமாகி வந்த மனைவி லீலா முதல் வாரமே கேட்டாள். “இன்னாங்க இது, யாரையோ போட்டு அடிக்கிற மாதிரி கீது?” பாட்டு அவளுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்து புடவை முந்தானைக்கு முடிச்சுப் போடுகிற அதே விரல்களால் உறைகளைத் துடைத்து அடுக்கிவைப்பாள்.

போன வருஷம் வேலூரில் காது டாக்டர் சொல்லிவிட்டார். இடது காது போய்விட்டது, வலது காது ஒரு வருஷம் தாங்கினால் பெரிது. எல்லாம் தறிச் சத்தம் செய்த வேலை. சந்திரமோகன் அன்றைக்கே முடிவு செய்தார். சாயங்காலம் ஒன்றாக, இருநூறு ரெக்கார்டையும் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். செருமுகிற பெண் கடைசியில். பிடித்த பண்டத்தைக் கடைசியில் தின்கிற சின்னப்பிள்ளைப் புத்தி, வேறென்ன.

நாற்பது ரெக்கார்டு முடிந்திருந்தபோது கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. சுவர் ஈரத்தில் உறைகளில் பூசணம் பூத்தது. மார்கழியில் வெயில் வந்ததும், ஊரே செய்கிறபடி லீலா பட்டுப்புடவைகளை இளவெயிலில் காட்ட மாடிக்குக் கொண்டுபோனாள். அலமாரியிலிருந்த ரெக்கார்டுகளையும் கொண்டுபோனாள்.

ஷிப்டு முடிந்து வந்தவரிடம் முகம் மலரச் சொன்னாள். “ஒவ்வொன்னா தொடச்சி வெயில்ல காட்டிட்டேங்க. பூசணமே இல்ல பாருங்க.”

“எவ்ளோ நேரம் வச்ச?”

“புடவைய எட்டு மணிக்கே எடுத்துட்டேன். இது கெட்டி சாமானாச்சேன்னு பன்னண்டு வரைக்கும் உட்டுட்டேன்.”

அவர் ஒன்றை எடுத்துப் போட்டார். பொரித்த அப்பளம் போல் நெளிந்திருந்தது. முள் ஏறி இறங்க, பாட்டு அழுது வடிந்தது. அடுத்ததும் அப்படியே.

லீலாவின் முகம் மாறியது. “இன்னாங்க, ஒரு மாதிரியா இழுக்குது? நான் எதுனா கெடுத்துட்டனா?”

வலது காதில் அவ்வளவும் தெளிவாகக் கேட்டது. துடைத்துத் துடைத்துச் சிவந்திருந்த அவள் விரல்களைப் பார்த்தார்.

“இது பாட்டே அப்டிதான், இழுத்துகினு போவும்,” என்றார். “எனக்குத்தான் ஒன்னும் கேக்கல லீலா. பேச்சு கேக்குது, பாட்டு போயிடுச்சி.”

அவர் காதைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். அன்றோடு பிளேயரை ஒரு பழைய துணி மூடிக்கொண்டது.

பூசணம் பிடிக்காத முப்பது ரெக்கார்டு இரும்புப் பெட்டியில் வெயில் படாமல் தப்பியிருந்தது. செருமுகிற பெண்ணும் அதில்தான் இருந்தாள். எப்படிப் போடுவது? இவை நேராகப் பாடினால், மற்றவை எதனால் கெட்டன என்று லீலாவுக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும். உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அவரால் முடியவில்லை. அவளோ முடிச்சு வேலையை விட்டு எங்கேயும் போகிறவள் இல்லை. காது மங்க மங்க, பெட்டியைப் பார்த்துக்கொண்டே ஏழு மாதம் உட்கார்ந்திருந்தார்.

ஆடியில் செய்யாரில் லீலாவின் அக்கா சுபத்ரா வீட்டில் கூழ் ஊற்றினார்கள். லீலாவைப் பஸ் ஏற்றிவிட்டு வேகமாக வந்தார். கதவைச் சாத்தினார், துணியை எடுத்தார், அந்த ரெக்கார்டை வைத்தார். துளி நெளிவில்லாமல் சுற்றியது. முள்ளை இறக்கிவிட்டு வலது காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்துக் காத்திருந்தார்.

செருமினாளா, கத்தத் தொடங்கிவிட்டாளா, தெரியவில்லை. சத்தத்தைக் கடைசிவரை திருகினார். ஒன்றுமில்லை. ஸ்பீக்கரின் மேல் கையை வைத்தார்.

அதிர்ந்தது. அவள் பாடிக்கொண்டுதான் இருந்தாள்.