எதிர்த்தரப்பு பேசலாம்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, சொந்தக் கையால் திராட்சைத் தோட்டம் போட்டு, மகளை வக்கீலாக்கிய கெட்டிக்காரர் ராயப்பன்பட்டி இஞ்ஞாசிமுத்து. அவரைப் போல இந்தப் பக்கத்தில் இன்னொருத்தர் கிடையாது. ஏழைகள் வழக்கை வாய்தா மேல் வாய்தா போட்டு இழுக்கக்கூடாதென்று வருடக்கணக்காகப் போராடிய அந்த மகள் கிளாரா, இப்போது ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்றாள்.

கோவில் முன்னால் கடைசிப் பிரச்சாரக் கூட்டம். கணீரென்று பேசி முடித்தவள், கோர்ட்டுப் பழக்கத்தில், "எதிர்த்தரப்பு பேசலாம்" என்று மைக்கை நீட்டிவிட்டாள். வேடிக்கை பார்க்க வந்திருந்த எதிர் வேட்பாளர் வின்சென்ட் விறுவிறுவென்று மேடை ஏறிவிட்டார்.

"கெடுத்தியே ஆத்தா, நான் சேத்த பேரெல்லாம் போச்சே" என்று இஞ்ஞாசிமுத்து தலையில் கைவைத்தார். மகள் தோற்றால் எந்த முகத்தோடு சந்தைக்குப் போவது?

வின்சென்ட் தொண்டையைச் செருமினார். "எங்க அக்கா நிலத்து வழக்கை இழுக்காம முடிச்சுக் குடுத்ததே இந்தப் புள்ளதேன். பொய் சொல்ல வாய் வரல. ஆனா ஓட்ட எனக்கே போடுங்க."

"எதுக்குண்ணே போடணும்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றார் வின்சென்ட். கூட்டம் சிரித்து உருண்டது.

கிளாரா அமோகமாக ஜெயித்தாள். மாலையோடு வந்த சனத்திடமெல்லாம் இஞ்ஞாசிமுத்து மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"மைக்கக் குடுன்னு யோசனை சொன்னதே நாந்தேன்."