ஏழு ஸ்டோன் நாலு

தங்கை இங்கிலாந்துக்குப் போனதிலிருந்து அம்மா அவளிடம் தவறாமல் கேட்பது ஒன்றைத்தான்: எடை எவ்வளவு? குளிருதா, வேலை கஷ்டமா என்றெல்லாம் கேட்பதில்லை. "அதுக்கெல்லாம் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா. தராசு அப்பிடிப் பொய் சொல்லாது" என்பது அம்மாவின் கட்சி. போனில் தெரியும் முகத்தையும் அவர் நம்புவதில்லை. கிட்டே வைத்துப் பேசினால் யார் முகமும் உப்பித்தான் தெரியும் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

அம்மாவுக்கு எடை என்றால் ராத்தல்தான்; பவுண்டை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கத் தொடங்கிய காலத்தில் ராத்தல் கணக்கில் நிறுத்தார்கள். பிறகு கிலோ வந்தது, அம்மா வேலையிலிருந்து நின்றும் விட்டார், ராத்தல் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. எங்கள் லயத்து வீடுகளுக்குக் கீழே உள்ள கடையில் இன்றைக்கும் ஒரு ராத்தல் என்று கேட்டால் ஒரு முழுப் பாண் ரொட்டி எடுத்துக் கொடுப்பார்கள். ஆகவே எந்த எடையானாலும் அதை ராத்தலாக்கிச் சொல்வது என் பொறுப்பு. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். வீட்டில் அந்தப் படிப்புக்கு இவ்வளவுதான் மரியாதை.

புறப்படுவதற்கு முன் எடுத்த மெடிக்கலில் தங்கை ஐம்பத்தொரு கிலோ இருந்தாள். நூற்றுப் பன்னிரண்டு ராத்தல் என்றேன். அம்மாவின் முகம் மலர்ந்தது.

"சரியா ஒரு அந்தர்" என்றார். அந்தர் என்பது எங்கள் பக்கம் ஓர் உர மூட்டையின் எடை. அப்பா இருந்த காலத்தில் அதை முதுகில் சுமந்து மலை ஏறியவர். "ஒங்கப்பா தூக்குன மூட்டை அளவுக்கு இருக்கா. தைரியமாப் போயிட்டு வரட்டும்."

தங்கைக்கு அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. அங்குள்ள தராசு ஸ்டோன் என்னும் இங்கிலீஷ் எடையில் காட்டும். முதல் மாதம், "எட்டு ஸ்டோன்மா" என்றாள். அம்மா என் பக்கம் திரும்பினார். அதே நூற்றுப் பன்னிரண்டு என்றேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை.

நான்காவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை சற்றுத் தயங்கி, "ஏழு ஸ்டோன் நாலு ராத்தல்" என்றாள். ஒரு ஸ்டோனுக்குப் பதினான்கு ராத்தல். மொத்தம் நூற்றிரண்டு. நாலே மாதத்தில் பத்து ராத்தல் குறைந்திருக்கிறாள். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூத்தொம்பதும்மா" என்றேன். குளிர் தேசத்தில் மூன்று ராத்தல் குறைவது சகஜம் என்று ஒரு விஞ்ஞானத்தையும் சேர்த்துக்கொண்டேன். போனில் தங்கை என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்தது. அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்.

சாயந்தரம் தேநீருக்குப் பாண் வெட்ட உட்கார்ந்தவர், கத்தியைக் கீழே வைத்தார்.

"எட்டு ஸ்டோன் ஒரு அந்தர். அப்ப நாலு ஸ்டோன் அரை அந்தர், அம்பத்தாறு. ரெண்டு ஸ்டோன் கால் அந்தர், இருவத்தெட்டு. ஒரு ஸ்டோனுக்குப் பதினாலு. நூத்திப் பன்னெண்டுல பதினாலு போனா தொண்ணூத்தெட்டு. நாலைச் சேத்தா நூத்திரெண்டு. நீ எங்கேருந்து நூத்தொம்பது கொண்டு வந்த?"

நான் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"தோட்டத்துல நிறுத்து எழுதுற கணக்கப்புள்ள, கொழுந்துல தண்ணி இருக்குன்னு கழிச்சு எழுதுவாரு. நீ கூட்டி எழுதுற. ரெண்டும் ஒண்ணுதான்."

பிடிபட்ட கோபம் எனக்கு. "தெரிஞ்சா மட்டும் இங்கேருந்து என்னா செய்யப் போறீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

அம்மா பதிலுக்குக் கத்தவில்லை. வெட்டாத பாணை என் பக்கம் தள்ளி வைத்தார். "இது ஒரு ராத்தல். இது மாதிரி பத்து, அவ ஒடம்புலேருந்து போயிருக்கு."

பத்து என்பது அதுவரை எனக்கு வெறும் கழித்தல் விடை. அன்றைக்கு அந்தப் பாணில் ஒரு துண்டுகூட எனக்கு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு, எடுத்த எடுப்பிலேயே அம்மா ஒரு முழுப் பாணைப் போனுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். "இது மாதிரி பத்து ஒங்கிட்ட இருந்துச்சு. எங்க போச்சு?"

தங்கை முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். ஒருவருக்குச் சோறூட்டி முடிப்பதற்குள் அடுத்தவருக்கு நேரமாகிவிடுகிறதாம். அறைக்குத் திரும்பினால் சமைக்கத் தெம்பில்லையாம். பாலில்லாத பிளேன்டீயும் பிஸ்கட்டுமாக, நின்றபடியே நாட்களை ஓட்டியிருக்கிறாள்.

அம்மா ஏசவில்லை. "ஒரு வேளையாச்சும் ஒக்காந்து சாப்பிடு. வேற ஒண்ணும் நான் கேக்கல" என்றார்.

போன மாதம் தங்கை, "ஏழு ஸ்டோன் எட்டு" என்றாள்.

"நூத்தி ஆறு" என்றேன். உண்மையான நூற்றி ஆறு.

முன்பெல்லாம் நான் சொல்லி முடிக்குமுன்பே அம்மா தலையாட்டிவிடுவார். இப்போது ஆட்டவில்லை. விரல்களை மடித்து, உதடுகள் அசைய, கால் அந்தர், அரை அந்தர் என்று தனக்குள் கூட்டத் தொடங்கினார். போனில் தங்கை காத்திருந்தாள். பிள்ளைகளின் கொப்பிகளில் தினமும் சரி போடுகிற நானும் பக்கத்தில் நின்று காத்திருந்தேன்.

"சரிதான். நாலு பாண் திரும்பி வந்திருச்சு" என்றார் அம்மா. தங்கையிடம்தான் சொன்னார், என்னிடம் அல்ல.