புகார் இல்லாத சந்து

வெளிநாட்டு நிர்வாகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளப் போகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களுக்கு என் வாயை வாடகைக்கு விட்டுத்தான் பல வருடமாகப் பிழைக்கிறேன். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் வேலை. பினாங்கிலிருந்து தமிழ்நாட்டுக்கோ இலங்கைக்கோ ஓர் ஆய்வுக் குழு போனால் என்னையும் கூட்டிப் போவார்கள். அங்கிருந்து ஒரு குழு இங்கே வந்தால், விமான நிலையத்தில் மாலை போடும்போதே நான் பக்கத்தில் நிற்க வேண்டும். இதில் மூன்று நாட்டு அதிகாரிகளின் சாப்பாட்டுப் பழக்கத்தையும் கரைத்துக் குடித்திருக்கிறேன். நிர்வாகத்தைப் பற்றி அவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் அதிகமில்லை.

எந்த நாட்டிலிருந்து எதைக் கொண்டுவருவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். பெட்டிக்குள் அடங்குவதைக் கொண்டுவருவார்கள். ஜப்பானுக்குப் போன குழு திரும்பியதும், இங்கே ஓர் அலுவலகத்தில் ஸ்டேப்ளர், பசை, கத்தரிக்கோல் ஒவ்வொன்றையும் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டி, இது இதன் இடம் என்று எழுதிவைத்தார்கள். ஸ்டேப்ளர் அதன் இடத்தில் ஒழுங்காகத்தான் இருந்தது. அதை எடுத்துக் குத்தவேண்டிய ஆள்தான் இடத்தில் இருக்கமாட்டார். சிங்கப்பூருக்குப் போனவர்கள் சிரிக்கிற முகமும் அழுகிற முகமும் போட்ட பொத்தான் பெட்டியோடு வந்தார்கள். வட ஐரோப்பாவுக்குப் போனவர்கள், மக்களை எதிரில் நிற்கவைத்துப் பேசக்கூடாது, பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கவேண்டும் என்று பாடம் படித்துவந்து, கவுண்டர் பக்கத்தில் ஒரு சோபா வாங்கிப் போட்டார்கள். மத்தியானத்தில் காவலாளி அதில் தூங்குகிறார். இத்தனை நாட்டுச் சீர்திருத்தத்தில் ஒரு மனிதருக்காவது உதவியது அந்தச் சோபா ஒன்றுதான்.

இப்படிப் போய்வந்த சீர்திருத்தப் பிரிவுக்கு ஒரு தலைவர் இருந்தார். தமிழர்தான், எங்கள் ஆள்தான். ஆனால் அவருடைய தமிழ் கோயில் வாசலோடு நின்றுவிடும், அதற்குமேல் என் வாய் வேண்டும். என்னை அக்கா என்று கூப்பிடுவார், வாய் நிறையச் சிரிப்பார். ஒருமுறை அவரோடு தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத்தில் மனு வாங்கும் நாளைப் பார்க்கப் போயிருந்தேன். அதுவரை தான் கொடுத்த மனுக்களின் நகல்களையெல்லாம் மாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு மனிதர் வந்திருந்தார். நிலத்தகராறாம். காவலுக்கு நின்றவர்கள் அவரைத் தூக்காத குறையாக ஓரமாகக் கொண்டுபோனார்கள். எங்கள் தலைவர் அதைக் கைப்பேசியில் படமெடுத்தார். காரில் ஏறியதும் என் பக்கம் திரும்பி, நம்ம ஊரில் இப்படி யாரும் இல்லை பாருங்கள், எல்லாம் ஆன்லைன் என்றார். அவருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. அங்கே வெயிலில் நிற்கவைத்து இல்லை என்கிறார்கள், இங்கே ஏசியில் உட்காரவைத்து இல்லை என்கிறார்கள். இதைத்தான் அவர் நாட்டுக்கு நாடு போய் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என் வீடு டத்தோ கிராமாட்டில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. எல்லாம் மாடியில்லாத பழைய வீடுகள். சந்தின் ஓரத்துச் சாக்கடையை நாங்கள் லோங்காங் என்போம். அது பெரிய வாய்க்காலோடு சேருகிற இடத்தில் மண்ணும் குப்பையும் கெட்டிப்பட்டு அடைத்துக் கிடந்தது. சும்மா மழை பெய்தால் கணுக்காலளவு தண்ணீர் நிற்கும். கடல் பெருகியிருக்கிற நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டால், தண்ணீர் போக வழியில்லாமல் திரும்பி வீட்டுக்குள் வரும்.

பக்கத்து வீட்டில் ஒரு கணவனும் மனைவியும் குடியிருந்தார்கள். அவள் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்தாள். என்னைவிட இளையவள். அவர் லாரி ஓட்டியவர். இனிப்பு நீர் முற்றி இடது பாதத்தை எடுத்துவிட்டார்கள். வலது குதிகாலிலும் ஒரு புண் ஆறாமல் இருந்தது. அழுக்குத் தண்ணீர் படவே கூடாது, பட்டால் அந்தக் காலும் தங்காது என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனவே எங்களுக்கெல்லாம் நாற்றமாக இருந்த லோங்காங், அந்த வீட்டில் ஒரு காலின் விஷயமாக இருந்தது.

அவள் புகார் கொடுத்தாள். அப்போதுதான் கைப்பேசியில் புகார் செய்கிற புது ஏற்பாடு வந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து கற்றுவந்த இன்னொரு வித்தை அது. படமெடுத்து அனுப்பினால் உடனே நன்றி வரும். கொஞ்ச நாளில் பச்சை நிறத்தில் 'செலெசாய்' என்று வரும். மலாயில் அதற்கு முடிந்தது என்றும் அர்த்தம், தீர்ந்தது என்றும் அர்த்தம். அதை எடுத்துக்கொண்டு அவள் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"என்னக்கா இது, போன்ல செலெசாய்னு வருது. வெளிய வந்து பாத்தா தண்ணி அப்படியே நிக்குது. எது செலெசாய்?"

மறுபடி கொடுக்கச் சொன்னேன். மறுபடி கொடுத்தாள். மறுபடியும் பச்சை. நேரில் போய்க் கேட்டதற்கு, சாக்கடை ஓர் அலுவலகத்துடையது, அது சேருகிற வாய்க்கால் இன்னோர் அலுவலகத்துடையது, அடைப்பு இரண்டுக்கும் நடுவே இருக்கிறது என்றார்கள். குப்பைக்கு இவ்வளவு சட்ட ஞானம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பிறகு ஒரு பையும் சீருடையுமாக இரண்டு பேர் வந்தார்கள். மண்வெட்டி இருக்கும் என்று பார்த்தால், பைக்குள்ளிருந்து ஒரு டேப்லட் வந்தது. சேவையில் திருப்தியா என்று கேட்டு முகங்களைக் காட்டினார்கள். அவள் அழுகிற முகத்தைத் தொட்டாள். அதையும் நன்றி என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியாக, சந்துமுனைச் சுவரில் காகிதக் கப்பல் விடுகிற ஒரு பையனை ஓவியமாக வரைந்துவிட்டுப் போனார்கள். சுற்றுலாப் பயணிகள் வந்து அதன் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டார்கள், மூக்கைப் பொத்தியபடி.

எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வேலைக்குப் போனபோது தலைவரிடம் சந்தின் பெயரைச் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரர் காலைப் பற்றியும் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது, அதில் குறை சொல்ல முடியாது. ஆடு நனைகிறதென்று ஓநாயும்தான் அழுதது. பிறகு பொறுமையாக எனக்குப் பாடம் நடத்தினார். முன்னேறிய நாடுகளில் புகாரை மாதக்கணக்கில் திறந்துவைக்க மாட்டார்களாம். அதை உரிய இடத்துக்கு அனுப்பிவிட்டால் அனுப்பியவர் வரைக்கும் அது முடிந்ததாம். நியூசிலாந்தில் பார்த்தேன் என்றார். நியூசிலாந்தில் அனுப்பிய இடத்தில் மண்வெட்டியோடு ஓர் ஆள் இருப்பான் அல்லவா என்று கேட்டேன். அது ஆப்பரேஷன்ஸ், நம்ம பிரிவு இல்லை என்றார். கேப்பையில் நெய் வடிகிறதென்று சொன்னால் கேட்பவனுக்காவது மதி வேண்டும். எங்கள் ஊரில் சொல்லுகிறவனே அதை நம்பி, விமானச் சீட்டும் வாங்கிவிடுகிறான். அன்று எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவரோடு ஒரே மேசையில் சாப்பிட அருவருப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

அவளும் நானும் எங்களுக்குத் தெரிந்த நிர்வாகத்தை நடத்தினோம். அவள் வேலைக்குப் போகும் முன் வானத்தைப் பார்ப்பாள். கறுத்திருந்தால் என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறுவாள். அவள் கணவரின் கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தோம். தண்ணீர் வந்தால் நான் போய்த் துடைப்பத்தால் தள்ளிவிடுவேன். அவர் கழிப்பறைக்குப் போகவேண்டுமென்றால் பசாரில் காய்கறி போட்டுக் கொடுக்கிற பிளாஸ்டிக் பையைக் காலில் மாட்டி, ரப்பர் போட்டுக் கட்டி, தோளில் தாங்கிக் கூட்டிப்போக வேண்டும். நான் கூட்டிப்போவதற்கு அவருக்குக் கூச்சம். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் கிடப்பார்.

கடல் பெருக்கும் மழையும் சேர்ந்த ஒரு நாளில் அவளும் வீட்டில்தான் இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பின்கட்டில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தோம். கூப்பிட்டால் நானும் வந்துவிடுவேன் என்று நினைத்தோ என்னவோ, அவர் தானாகவே பையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். பையில் ஓட்டை. சாக்கடைத் தண்ணீருக்குள் நின்றுகொண்டு, கதவைப் பிடித்தபடி, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்று எங்களிடம் சொன்னார். ஒரு வாரத்தில் கால் கறுத்துக் காய்ச்சல் வந்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாயிற்று.

அவரை மருத்துவமனையிலிருந்து அவள் எங்கள் சந்துக்குக் கூட்டிவரவில்லை. கெப்பாலா பத்தாஸில் அவளுடைய அண்ணன் வீடு மேட்டில் இருந்தது. நேரே அங்கே கொண்டுபோய்விட்டாள். சாமான் ஏற்ற வந்த அன்று என்னிடம் அதிகம் பேசவில்லை. செங்கல்லையெல்லாம் எடுத்து என் வீட்டுச் சுவரோரம் அடுக்கிவைத்துவிட்டு, "ஒங்களுக்கு வேணும்க்கா, வச்சுக்கங்க" என்றாள். வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. சாக்கடை வாசலில் யார் குடிவருவார்கள்?

அதற்கப்புறம் கொஞ்ச காலம் கழித்துத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு குழு வந்தது. நகராட்சி அதிகாரிகளும் உறுப்பினர்களுமாக ஒரு பேருந்து நிறைய. பினாங்கின் சீர்திருத்தத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்திருந்தார்கள். ஜப்பானையும் நியூசிலாந்தையும் பார்த்து இவர்கள் செய்ததை, இவர்களைப் பார்த்து அவர்கள் செய்யப்போகிறார்கள். ஏட்டுச் சுரைக்காயை நகலெடுத்துக் கறிவைக்கிற கதை. ஹோட்டல் மண்டபத்தில் தலைவர் வணக்கம் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு ஆங்கிலத்துக்குத் தாவினார். நான் பக்கத்தில் ஒலிவாங்கியோடு நின்றேன்.

நடுவில் ஒரு படம் வந்தது. டத்தோ கிராமாட், எங்கள் சந்தின் பெயர், ஒரு கோடு. ஏற்பாடு வந்த புதிதில் புகார்கள் உச்சியில் இருந்தன. பிறகு கோடு அழகாகச் சரிந்து அடிமட்டத்தைத் தொட்டது. பக்கத்தில் காகிதக் கப்பல் ஓவியம். இந்தச் சந்திலிருந்து இப்போது ஒரு புகாரும் வருவதில்லை, எல்லாம் செலெசாய் என்றார் தலைவர். அந்த உச்சி முழுக்க அவள் ஒருத்தி அனுப்பியது. சந்தில் மற்ற யாரும் கைப்பேசியில் மெனக்கெடுகிற ஆட்களில்லை, நான் உட்பட.

தலைவரைப் பார்த்தேன். நான் அவரிடம் சொன்ன சந்துதான் இது என்று அவருக்கு நினைவிருக்கிறதா என்று முகத்தில் தேடினேன். ஒன்றுமே இல்லை. ஒலிவாங்கிக்குக் கேட்காமல், "கொஞ்சம் பாசிட்டிவா சொல்லுங்கக்கா, நம்ம ஊரு பேரு லா" என்றார். அவர் எதிர்பார்த்தது தீர்வு காணப்பட்டது என்கிற வார்த்தையை. என் வாயில் அது வரவில்லை. எல்லாப் புகார்களும் முடித்துவைக்கப்பட்டன என்று சொன்னேன். மண்டபம் கைதட்டியது.

தேநீர் இடைவேளையில், குழுவில் மூத்த ஆணையர் ஒருவர் கோப்பையோடு என்னிடம் வந்தார். கூட்டம் முழுக்கக் குறிப்பெடுக்காமல் உட்கார்ந்திருந்த ஒரே மனிதர்.

"அம்மா, தப்பா நெனக்காதீங்க. முடித்துவைக்கப்பட்டதுன்னு சொன்னீங்க. அது எங்க ஆபீஸ் வார்த்தை. அந்தப் புகார் கொடுத்தவங்க இப்பவும் அங்கதான் இருக்காங்களா?"

இத்தனை வருடத்தில் ஓர் அதிகாரி இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். செங்கல், பிளாஸ்டிக் பை, கால், கெப்பாலா பத்தாஸ். அவர் குறுக்கிடாமல் கேட்டார். தேநீர் ஆறிப்போனது.

"நெனச்சேன்" என்றார். "கோடு இப்படி வழுக்கிட்டு எறங்குனா, ஒண்ணு ஆளு செத்திருக்கணும், இல்ல ஊரவிட்டுப் போயிருக்கணும். எங்க ஊர்லயும் அப்படித்தாம்மா எறங்கும்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார்.

"அந்த ஒரு படத்தை மட்டும் இதுல வாங்கித் தர முடியுமா? அடுத்த மாசம் எங்களுக்கு ஆய்வுக் கூட்டம் இருக்கு, இதே மாதிரி ஒரு கோடு நாங்களும் காட்டணும்."

நான் கையை நீட்டவில்லை. அவர் என்னைச் சுற்றிக்கொண்டு நேராகத் தலைவரிடம் போனார். இருவரும் தோளில் கைபோட்டுக்கொண்டு கணினியை நோக்கி நடந்தார்கள். ஒருவருக்கு ஆங்கிலம் தகராறு, இன்னொருவருக்குத் தமிழ் தகராறு. ஆனாலும் என்னை யாரும் கூப்பிடவில்லை.