மெட்டிக்கும் கத்திய மெஷின்

ஊரில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு கருவியை வைத்திருப்பவனுக்கு நிம்மதி கிடையாது. ஏணி வைத்திருப்பவர்கள், ஜீப் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது புரியும். எண்பதுகளில் நான் ஏற்காட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். பழைய டிரான்சிஸ்டர் பாகங்களையும் கம்பிச் சுருளையும் சேர்த்து, மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் கண்டால் கத்துகிற டிடெக்டர் ஒன்றைச் செய்தேன். மழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும் மார்கழியில் பழைய காசு தேடுவது என் பொழுதுபோக்கு. ஊரார் அதைத் தொழிலாக்கினார்கள்.

மாரமங்கலத்துப் புதையல்

மாரமங்கலத்து விவசாயி ஒருவர் தன் காட்டில் புதையல் இருப்பதாகக் கனவு கண்டார். பஸ்ஸைத் தவறவிட்டு, பனியில் மெஷினைத் தோளில் சுமந்து நடந்தே போனேன். சாமைக்காட்டு ஓரத்தில் மெஷின் கத்தியது. அவரும் தம்பியும் ஆவேசமாகத் தோண்டினார்கள். உடைந்த கலப்பைக் கொழு ஒன்று வந்தது. விவசாயி ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தராமல் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, முன்னாடியே வந்து புதையலை எடுத்துப்போட்டு இதைப் பொதைச்சு வெச்சுட்டீங்களா?"

பழைய பங்களா

என் மெஷினின் பெருமை தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட் முதலாளி காதுக்கும் போனது. அவருடைய எஸ்டேட்டில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்று இடிந்து கிடந்தது. இரண்டு நாள் காபிச் செடிகளுக்குள் குனிந்து தேடியதில் இரண்டு செப்புக் காசுகள் கிடைத்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மண்ணில் இன்னும் நிறைய இருக்கும் என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்தேன். முதலாளியின் முகம் மாறியது. "இருந்தா இப்ப எங்க? காபி பறிக்கற பொம்பளைங்க பொறுக்கியிருப்பாங்க."

எடை போடும் இடம்

மறுநாள் சாயங்காலம், பறித்த காபிப் பழத்தை எடை போட வரிசையில் நின்ற பெண்கள்மேல் டிடெக்டரைக் காட்டச் சொன்னார் முதலாளி. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது. மெஷின் மெட்டிக்குக் கத்தியது, வளையலுக்குக் கத்தியது, தாலிக்குக் கத்தியது. சின்னப்பொண்ணு என்பவரின் முந்தானை முடிச்சில் ஒரு செப்புக் காசு இருந்தது.

"செடியடியில கெடந்துச்சுங்க. ஊட்டுக்குப் போற வழியில பிள்ளையாருக்கு வெக்கலாம்னு முடிஞ்சேனுங்க" என்றார். உண்மைதான். மலை விவசாயிகள் ஏர் முனையில் எது தட்டுப்பட்டாலும், பழங்கால மனிதர்கள் தீட்டிய வழுவழுப்பான கல்லானாலும், பிள்ளையார் மேடையில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். சேலத்திலிருந்து வந்த முதலாளிக்கு அது தெரியாது. வருஷச் சாப்பாட்டுக்குச் சின்னப்பொண்ணு நம்பியிருந்தது இந்தப் பறிப்புக் காலத்தைத்தான். எடையைக் கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர் அவர் கூடையைப் பிடுங்கினார். "நாளையிலிருந்து வராதே. திருடிக்கு இங்க வேலை இல்லை."

பிள்ளையார் மேடை

மறுநாள் காலையில் முதலாளியை இழுக்காத குறையாக அந்தப் பிள்ளையாரிடம் கூட்டிப்போனேன். எஸ்டேட் எல்லைக்குள் ஒரு பலாமரத்தடி. மேடை ஓரத்தில் மெஷின் விடாமல் கத்தியது. சருகைத் தள்ளினால் பச்சை ஏறிய செப்புக் காசுகள். யார் யாரோ எந்தெந்தக் காலத்திலோ வைத்தவை. இத்தனை வருஷமாக எவரும் தொடவில்லை, இவர்களையா திருடர்கள் என்கிறீர்கள் என்று கேட்டேன். முதலாளி குனிந்து எல்லாக் காசையும் கைக்குட்டையில் அள்ளினார். "பிள்ளையாரும் என் எஸ்டேட்டுலதான இருக்காரு?"

நல்ல சேதி

முதலாளி பெரிய மனது பண்ணி, சின்னப்பொண்ணு திரும்ப வேலைக்கு வரலாம் என்றார். தப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. சேதியை நானே கொண்டுபோனேன். என் மனச்சுமையை இறக்கி வைக்கிற அவசரம் எனக்கு. சின்னப்பொண்ணு வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை முறத்தை நிறுத்தவில்லை. "நான் திருடலீன்னு ஒரு மெசினு சொன்னாத்தான் நம்புவாங்கன்னா, அந்த வேலை எனக்கு வேண்டாமுங்க. நீங்களும் எங்கூட்டு வழியா அதைத் தூக்கிட்டு வராதீங்க."

ஒரு சாண் ஆழத்தில் கிடக்கும் செல்லாக் காசைக்கூடக் காட்டிக் கொடுக்கிற மெஷினைச் செய்த எனக்கு, தப்பு செய்த ஆளை அடையாளம் காட்டுகிற மெஷினைச் செய்யத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அன்று அது என்னைப் பார்த்தும் கத்தியிருக்கும்.