இரண்டு கைகளிலும் கடிகாரம்

வெரோனா இரண்டு கைகளிலும் கடிகாரம் கட்டுவாள். வலது கையில் ஊர் மணி, இடது கையில் கப்பல் மணி. ஃபால்மத் துறைமுகத்தில் வேன் ஓட்டும் எங்களுக்கெல்லாம் அது ஒரு கேலிப்பொருள். புருஷன் செத்தபிறகு ஒருத்திக்கு ரெண்டு துணை என்று நானே சொல்லியிருக்கிறேன். அவள் முகத்தைக்கூடத் திருப்பாமல், "அந்த மனுஷனைவிட இதுங்க ரெண்டும் சொன்ன நேரத்துக்கு நடக்குது எவர்டன்" என்பாள்.

ஆனால் கேலி செய்கிற நாங்கள்தான் அவளிடம் போய் மணி கேட்போம். ஜமைக்காவில் கோடைக்கென்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே திருகுகிற பைத்தியக்காரத்தனம் கிடையாது. ஃப்ளோரிடாவிலிருந்து வரும் கப்பல்கள் திருகுகின்றன. அதனால் ஜூலை மாதத்தில் கப்பலில் மூன்று மணி என்றால் கரையில் இரண்டுதான். கப்பல்காரர்கள் இறங்குவார்கள், அவர்கள் மணி மட்டும் கப்பலிலேயே இருக்கும். இதில் ஏமாந்து கப்பலைத் தவறவிட்டு, கையில் ஈரத் துண்டோடு, கப்பலுக்குப் போகும் பாலத்தில் உட்கார்ந்து அழுத குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு கிழத் தம்பதியைத் தாமதமாகக் கொண்டுவந்த ஓட்டுநருக்குத் துறைமுக பாஸ் அன்றோடு போனது. வெரோனா வண்டியில் ஏறியவர்கள் ஒருவர்கூடக் கப்பலைத் தவறவிட்டதில்லை. யார் மணி சொன்னாலும் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான், "கப்பல் மணியா, ஊர் மணியா?"

அவள் கணவன் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவன். ஆலை மூடிய அடுத்த வருஷம் அவனும் போய்ச் சேர்ந்தான். ஒரே மகள் கேடியன். அந்தப் பெண்ணை நர்ஸ் ஆக்கவேண்டும் என்று வெரோனா பழைய வேன் ஒன்றை வாங்கி, தன் காலில் நின்று, கிங்ஸ்டனில் படிக்க வைத்தாள். இரண்டாம் வருஷப் பாதியில் அந்தப் பெண் படிப்பை விட்டுவிட்டுக் கப்பலில் சாப்பாட்டு மேசை வேலைக்குக் கையெழுத்துப் போட்டாள். எங்கள் தெருவே கேட்கும்படி அன்று சண்டை. வெள்ளைக்காரனுக்குத் தட்டு தூக்கவா உன்னைப் பெற்றேன், கப்பலில் ஏறினால் என் முகத்தில் முழிக்காதே என்று வெரோனா கத்தினாள். கேடியன் முழிக்கவில்லை. அவள் கப்பல் இரண்டு வாரத்துக்கொருமுறை எங்கள் துறைக்கே வரும். ஒன்பது மாதமாக மகள் இறங்கவில்லை, அம்மா துறைமுக வாசலுக்குப் போகவில்லை. இரண்டுக்கும் ஒரே பிடிவாதம். நண்டுக்குப் பிறந்தது நேராகவா நடக்கும்?

அந்த வியாழக்கிழமை காலையில் வெரோனாவின் போனில் ஒரு செய்தி வந்தது. அவள் என்னிடம் காட்டினாள். நான் அன்று அவள் வண்டியில்தான் துணைக்குப் போகிறேன், என் வேன் மெக்கானிக்கிடம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. மகள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'மம்மி, அடுத்த வாரம் வேறு கப்பலுக்கு மாத்துறாங்க. ஐரோப்பா பக்கம். எப்ப வருவேன்னு தெரியாது. இன்னைக்கு மூணு மணிக்கு அரை மணி நேரம் விடுறாங்க. கேட்டுக்கு வருவியா?'

வெரோனா அதை இரண்டு தடவை படித்தாள். வருகிறேன் என்று பதில்கூடப் போடவில்லை, அந்தத் திமிர் அவளை விடவில்லை. ஆனால் வண்டியின் கண்ணாடியில் பார்த்துத் தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டினாள். ஒன்பது மாதத்தில் அவள் கண்ணாடி பார்த்து நான் பார்க்கவில்லை.

எங்களுக்குக் கிடைத்தது ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு குடும்பம். பிராட்லி என்று ஆறடி உயர மனிதர், அவர் மனைவி, பத்தும் பன்னிரண்டுமாக இரண்டு பெண்கள். ஓச்சோ ரியோஸ் பக்கம் டன்ஸ் ரிவர் அருவிக்குப் போகவேண்டும். போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. ஐந்தரைக்குள் கப்பலேறினால் போதும் என்றார். வெரோனா உடனே கேட்டாள், கப்பல் மணியா ஊர் மணியா என்று. அவர் சிரித்து, மணியில் என்னம்மா இரண்டு வகை என்றார். ஊர்க் கணக்கில் மூன்று அடிக்கும் முன்னால் கேட்டில் இறக்கிவிடுவேன், சம்மதமா என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். காதில் வாங்காமல் ஆட்டிய தலை என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

அருவியில் எல்லோரும் கைகோத்து ஏறினார்கள், வழுக்கினார்கள், படமெடுத்தார்கள். ஒன்றேகாலுக்கு வெரோனா படிக்கட்டின் கீழ் போய் நின்றாள். ஒன்றரை ஆயிற்று. பிராட்லி நனைந்த சட்டையோடு வந்து, பெண்கள் இன்னொரு தடவை ஏறணுமாம், அப்புறம் எதிரே சுட்டு விற்கும் ஜெர்க் கோழி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றார். போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஒன்றரைதானே ஆகுது? அஞ்சரைக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கு. எங்க லீவ எதுக்கு நீங்க சுருக்குறீங்க?"

"உங்க போன் கரையில எறங்குனதும் எங்க ஊரு மணிக்கு மாறிடுச்சு சார். கப்பல்ல இப்ப ரெண்டரை. உங்களுக்கு மூணு மணி நேரம்தான் இருக்கு."

"மூணுன்னே வச்சுக்குங்க. அதுவே ஏராளம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். கப்பல் கணக்கையே எடுத்தாலும் இன்னும் ஒரு மணி நேரம் நிற்கலாம். வெரோனா அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், ஐயா, என் மகள் காத்திருப்பாள் என்று. அவரும் பெண்ணைப் பெற்றவர்தான். ஆனால் அவள் வாயில் அந்த வார்த்தை வரவில்லை. தன் சொந்தக் கஷ்டத்தைச் சவாரிக்காரரிடம் சொல்லிக் கெஞ்சுவது அவள் வழக்கம் இல்லை. காலையில் மூன்று என்று பேசியாயிற்று, பேச்சுப் பேச்சுதான் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறி எஞ்சினைப் போட்டாள். விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று பயந்துபோய் பிராட்லியின் மனைவி பெண்களை இழுத்துக்கொண்டு வந்தார். சின்னப் பெண் அழுதது. பிராட்லி கதவை அறைந்து சாத்தினார். மணி ஒன்று நாற்பது.

வழியில் பிராட்லி, புகார் எழுதப் போவதாக மனைவியிடம் எங்கள் காதில் விழும்படி சொன்னார். வெரோனாவின் பார்வை சாலையை விட்டு நகரவில்லை. ரன்அவே பே தாண்டியதும் தார் போடும் வேலை. ஒரு பக்கமாக வண்டிகளை விட்டுக்கொண்டிருந்தார்கள். கொடி பிடித்தவன் எங்களைப் பார்த்து, சூன் கம், சூன் கம் என்று கையை ஆட்டினான். எங்கள் ஊரில் சூன் கம் என்றால் இப்போதைக்கு இல்லை என்று அர்த்தம். அங்கே பன்னிரண்டு நிமிஷம் போனது. அரை மணி நேரம்தான் அந்தப் பெண்ணுக்கு, அதில் இப்படிக் கழிகிறதே என்று அந்தக் கொடிக்காரன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

வழி கிடைத்ததும் அவள் மிதித்த மிதியில் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் வெரோனா வேகமாக ஓட்டி நான் கண்டதில்லை. கண்டவர் ஒரு கான்ஸ்டபிள். டங்கன்ஸ் அருகே கையைக் காட்டி நிறுத்தினார். பொறுமையாக வண்டியைச் சுற்றி வந்தார், பொறுமையாக டயரைப் பார்த்தார். வெரோனா இறங்கி அவரிடம் பேசப் போனாள். பேசும்போது அவள் பார்வை வலது கைக் கடிகாரத்துக்கே போய்ப் போய் வந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

பிராட்லிக்கும் தெரிந்திருக்கவேண்டும். "கப்பலுக்கு நேரம் இருக்குன்னு உங்க கணக்கே சொல்லுது. அப்புறம் எதுக்கு இந்தம்மா உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு ஓட்டுறாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

நான் சொல்லிவிட்டேன். சொன்னதற்கு வெரோனா என்னைக் கொன்றாலும் சரி என்று எல்லாவற்றையும் சொன்னேன். சண்டை, ஒன்பது மாதம், வேறு கப்பல், மூன்று மணி. அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். பிராட்லி சட்டென்று இறங்கிப் போனார். கான்ஸ்டபிளிடம் என்ன சொன்னாரோ, அபராதச் சீட்டு எழுதாமலே அவர் எங்களை அனுப்பிவிட்டார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் பிராட்லி, "முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார். வெரோனா என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு கியரைப் போட்டாள்.

துறைமுக வாசலில் நிறுத்தியபோது இரண்டு ஐம்பத்தாறு. பிராட்லியே கடிகாரத்தைப் பார்த்து முதலில் கைதட்டினார், பெண்களும் தட்டினார்கள். வெரோனா கதவைத் திறந்துபோட்டபடியே கேட்டை நோக்கி ஓடினாள். ஐம்பத்து நாலு வயசு, முட்டி வலி வேறு. நாங்கள் பின்னால் போனோம்.

கேட்டில் பின்னக் நின்றிருந்தான், அங்கே காவல் வேலை பார்ப்பவன். வெரோனாவைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"இப்ப வர்றீங்களே மிஸ் வெரோனா. கேடியன் வந்துட்டுப் போயிடுச்சு."

"மூணு இன்னும் அடிக்கலையே."

"ரெண்டு மணிக்கு வந்துச்சு. ரெண்டரை வரைக்கும் இந்தக் கம்பியப் புடிச்சுக்கிட்டே நின்னுச்சு. போறப்ப ஒண்ணு கேட்டுச்சு. மம்மிக்கு இன்னும் கோபமான்னு கேட்டுச்சு. நான் என்னத்தச் சொல்ல?"

முதலில் எனக்குக்கூட உறைக்கவில்லை. பிறகுதான் உறைத்தது. மகள் எழுதிய மூன்று, கப்பல் மூன்று. ஒன்பது மாதமாக அந்த மணிக்கு எழுந்து, அந்த மணிக்குத் தின்று, அந்த மணிக்குத் தூங்குகிறவள் வேறு எந்த மூன்றை எழுதுவாள்? ஊருக்கெல்லாம் கப்பல் மணியா ஊர் மணியா என்று கேட்கிற வெரோனா, அன்று காலையில்கூட ஒஹாயோக்காரரிடம் கேட்ட வெரோனா, இந்தச் செய்திக்கு மட்டும் அதைக் கேட்கவில்லை.

அவள் அழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கப்பலைப் பார்த்தாள். பன்னிரண்டு மாடி வெள்ளைச் சுவர், ஆயிரம் ஜன்னல். மகளுக்குப் போன் போட்டாள், மறுபடி போட்டாள். வேலை நேரத்தில் அவர்களிடம் போன் இருக்காது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பாழாய்ப்போன மணி என்று கத்தவேண்டும்போல இருந்தது.

பிராட்லி எனக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தன் போனை எடுத்துப் பார்த்தார். மூன்று அடித்து ஒரு நிமிஷம்.

"இந்தத் தப்பு யாருக்குப் புரியுதோ இல்லையோ, எனக்குப் புரியும் மேடம். உங்க பொண்ணு எந்த ஹால்ல இருக்கு?"

அஞ்சாவது மாடியில், கப்பலின் பின்பக்கச் சாப்பாட்டுக் கூடம் என்று வெரோனா சொன்னாள். மகள் ஒரு வார்த்தை சொல்லாமலே அதை எப்படித் தெரிந்துவைத்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை. சட்டையில் கேடியன் என்று பெயர் குத்தியிருக்கும், என் ஜாடைதான், நெற்றி மட்டும் அவள் அப்பாவுடையது என்றாள். பிறகு கெஞ்சினாள், நான் இத்தனை வருஷத்தில் கேட்காத குரலில். "நான் வந்தேன்னு மட்டும் சொல்லுங்க சார். வராம இருக்கலன்னு."

அவர் மனைவியையும் பெண்களையும் முந்திக்கொண்டு, அந்த நீளப் பாலத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

நாங்கள் வண்டிக்குத் திரும்பவில்லை. அடுத்த சவாரிக்கு யாரோ கேட்டார்கள், வெரோனா தலையை மட்டும் அசைத்தாள். மூன்றரை ஆயிற்று. நாலு ஆயிற்று. அந்த மனிதர் நீச்சல் குளத்தில் விழுந்து கிடப்பார், நாம்தான் அவரை நம்பி நிற்கிறோம் என்று நான் சொன்னேன். அவள் வாயை மூடு என்றாள். நாலேகாலுக்கு, தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து அவள் போன் அடித்தது. எடுத்த அவசரத்தில் எங்கோ தட்டி, ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது. எனக்கும் கேட்டது, பின்னக்குக்கும் கேட்டது.

"மம்மி? அவர் போன்லேருந்து பேசுறேன். ஒரு நிமிஷம்தான்."

"பேசு."

"நான் மூணுன்னுதானே போட்டிருந்தேன்?"

"மூணுக்குத்தாண்டி வந்தேன்."

அங்கே தட்டுகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்டது.

"எந்த மணின்னு மொதல்ல கேக்கணும்னு நீதானே ஊருக்கெல்லாம் சொல்லுவ. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மம்மி."

"கப்பல்காரங்ககிட்டதான் நான் அதக் கேப்பேன். நீ என் பொண்ணு. உன்கிட்ட கேக்கணும்னு எனக்குத் தோணல."

மறுபக்கம் அந்தப் பெண் உடைந்து அழுதாள். பின்னக் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். வெரோனாவின் கன்னத்திலும் தண்ணீர் ஓடியது, ஆனால் குரல் மட்டும் மாறவில்லை, பள்ளிக்கு அனுப்புகிற காலையில் மகளை விரட்டும் அதே குரல்.

"அழுகைய நிறுத்து. மூஞ்சியக் கழுவிட்டுப் போய் மேசையப் பாரு. ஜனங்க பசியோட வருவாங்க, அவங்களக் காக்க வைக்காத."