பெட்டியின் அடியில் ஒரு ஓட்டை

இது நடந்தது போன வருடம் ஆடி மாதம், ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அப்பால் இருக்கும் எங்கள் ஊரில். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். வேலூரில் விடுதியில் தங்கி வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தேன். படித்துவிட்டு மலைக்கே திரும்பி வந்தது ஏன் என்று பலர் கேட்டார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் குழு எலுமிச்சைப்புல் எண்ணெய் எடுக்க ஆரம்பித்திருந்தது. அந்த வேலையைத் தெரிந்து செய்ய ஒரு ஆள் வேண்டும், அது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

எலுமிச்சைப்புல்லை ஆடும் மாடும் வாய் வைக்காது, காட்டுப்பன்றி தோண்டாது. அதனால்தான் எங்கள் மேட்டு நிலங்களில் அதை நட்டோம். புல் தன்னைக் காத்துக்கொள்ள இலைக்குள் சேர்த்து வைக்கும் சரக்குதான் அந்த வாசனை. டெர்பினாய்டு என்று பாடத்தில் படித்தேன். சந்தனத்தின் மணமும், யூகலிப்டஸ் தைலமும், ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் கண்ணில் தெறிக்குமே அந்தச் சாறும் எல்லாம் ஒரே குடும்பம். புல்லை அறுத்து, அரை நாள் வாடவிட்டு, பெரிய டிரம்மில் அடைத்து, அடியில் பாய்லரிலிருந்து ஆவி விட்டால், குழாய் வழியாகக் குளிர்ந்து தண்ணீரும் எண்ணெயுமாக இறங்கும். மேலே மஞ்சளாக மிதப்பது எண்ணெய். கீழே இருக்கும் தண்ணீரைக் கால்வாயில் விட்டுவிடுவோம்.

சென்னையில் ஒரு சோப்பு நிறுவனம் ஒரு லிட்டர் மாதிரி கேட்டிருந்தது. அது பிடித்தால் வருடம் முழுக்க எங்களிடமே வாங்குவதாகச் சொன்னார்கள். ஒன்பது பெண்களின் வேலை அந்த ஒரு லிட்டரில் இருந்தது. நான் ஆலங்காயம் போய் நான்கு கால் லிட்டர் கண்ணாடி பாட்டில்களும் தெர்மாகோல் பெட்டியும் வாங்கி வந்தேன். உள்ளே ரப்பர் வைத்த கறுப்பு மூடி. பாட்டில் உயரமாக இருந்ததால் நிற்க வைத்தால் பெட்டி மூடவில்லை. படுக்க வைத்து மூடினேன்.

இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தால் எல்லா பாட்டிலிலும் எண்ணெய் விரல் அகலம் குறைந்திருந்தது.

பெட்டி இருந்த சரக்கு அறைக்கு இரண்டே சாவிகள். ஒன்று என்னிடம். இன்னொன்று, விடியற்காலையில் பாய்லர் பற்றவைக்கும் அக்காவிடம். நாற்பது வயதிருக்கும். உழைப்பாளி. என்னைச் சின்ன வயதிலிருந்தே 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். அவர் கணவர் ஒரு ஏஜெண்டின் பேச்சை நம்பி ஆந்திரா பக்கம் செம்மரம் வெட்டப் போய், இரண்டு வருடம் ஜெயிலில் இருந்து வந்தவர். அதை ஊரில் யாரும் அக்காவின் முகத்துக்கு நேராகப் பேசுவதில்லை. ஆனால் யாரும் மறப்பதும் இல்லை. நானும் மறக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

யாரிடமும் சொல்லாமல் ஒரு பொறி வைத்தேன். பாட்டில்களை மறுபடி நிரப்பினேன். எண்ணெய் எதுவரை இருக்கிறது என்று மார்க்கர் பேனாவால் கோடு போட்டேன், தண்ணீர் பட்டாலும் அழியாத பேனா. பெட்டியை மூடி டேப் சுற்றி, டேப்பின் மேல் என் கையெழுத்தைப் போட்டேன், பட்டத்தோடு சேர்த்து.

அதற்குப் பிறகு அந்த அக்கா எது செய்தாலும் எனக்குத் தப்பாகவே தெரிந்தது. நான் உள்ளே போனால் மற்ற பெண்களுடன் பேச்சை நிறுத்தினார். சாப்பாட்டு நேரத்தில் குழாய்ப் பக்கம் குனிந்து ஒரு சின்ன மருந்து பாட்டிலில் எதையோ பிடித்துப் பைக்குள் வைத்தார்.

"இன்னாக்கா அது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல பாப்பா" என்று பையை அந்தப் பக்கம் தள்ளினார்.

மூன்றாம் நாள் காலை பெட்டியைத் தூக்கினேன். டேப் அப்படியே இருந்தது. என் கையெழுத்தும் அப்படியே. ஆனால் பெட்டியின் அடியில் இரண்டு விரல் நுழைகிற மாதிரி ஓட்டை. ஓட்டையின் விளிம்பு உருகி, சுருங்கி, பளபளவென்று இருந்தது. தணலால் சுட்டது போல. டேப்பை அறுத்துப் பார்த்தேன். ஓட்டைக்கு நேராக ஒரு பாட்டிலின் மூடி. எண்ணெய் இன்னும் குறைந்திருந்தது. நான் போட்ட கோடு எதிலும் இல்லை. துடைத்துவிட்ட மாதிரி.

என் மூளை மிக வேகமாக வேலை செய்தது. டேப்பைத் தொட்டால் மாட்டிக்கொள்வோம் என்று அடியில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். அதற்குத் தணல் வேண்டும். தணல் யாரிடம் இருக்கிறது? பாய்லர் பற்றவைப்பவரிடம். கோடு போட்டதைக் கண்டுபிடித்து அதையும் அழித்திருக்கிறார்கள். கணக்குப் பாடம் போல ஒவ்வொரு அடியும் பொருந்தியது. அப்படிப் பொருந்தியதில் எனக்கு ஒரு பெருமைகூட வந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

புல் எடை போட எல்லாரும் கூடியிருந்த நேரம். பெட்டியை நடுவில் வைத்தேன்.

"அக்கா, உங்க பையக் கொஞ்சம் காட்டுங்க."

அவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எதுக்கு?"

"எண்ணெ கொறையுது. சாவி நம்ம ரெண்டு பேர்கிட்டதான் கீது."

"அப்போ உம் பையையும் காட்டுவியா?"

எனக்குக் கோபம் வந்தது. "நான் எதுக்கு எடுக்கப் போறேன்?" என்றேன். பின்னாலிருந்து ஒரு பெண் மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "புருசன் மரத்தத் தூக்குனான், பொண்டாட்டி எண்ணெயத் தூக்குறா" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் அந்தப் பேச்சைச் சொல்லவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை.

அக்கா பையை எடுத்துத் தரையில் தலைகீழாகக் கொட்டினார். களி கொண்டுவந்த தூக்கு, ஒரு சீப்பு, மகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் மடித்து வைத்த பிளாஸ்டிக் உறை, அந்த மருந்து பாட்டில். நான் பாட்டிலை எடுத்துத் திறந்தேன். எலுமிச்சைப்புல் வாசனை தூக்கியது.

"இது இன்னா?"

"நீங்க கால்வாயில ஊத்துற தண்ணி. ஆட்டுக்கு உண்ணி புடிச்சிக்கிச்சி. தடவுனா வுழுந்துடும். இதுக்கும் உங்கிட்ட கேக்கணுமா?"

பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேலே எண்ணெய் மிதக்கவில்லை. வெறும் தண்ணீர். அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். "அப்போ எண்ணெய எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்து, தராசுத் தட்டில் வைத்தார். "இந்தாங்க மேடம்" என்றார். கொட்டியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். 'மேடம்' என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

மறுநாள் மாதிரியைச் சென்னையில் கொடுத்தாக வேண்டும். கடைசி வடிப்பிலிருந்து எண்ணெய் எடுத்து அதே பாட்டில்களை நிரப்பி, புதுப் பெட்டியில் பழையபடி படுக்க வைத்து, வீட்டில் என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். காலையில் கையோடு எடுத்துக்கொண்டு ஆலங்காயம் பஸ் ஏறினேன். கீழேகூட வைக்கவில்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா பெட்டியைத் தொட்டபோதுகூடத் தள்ளி வைத்தேன்.

மலை வளைவுகளில் பஸ் ஆடிக்கொண்டு இறங்கியது. பாதி வழியில் தொடையில் ஈரம் பட்டது. பிறகு எரிச்சல். பக்கத்து அம்மா மூக்கைச் சுளித்து, "இன்னாம்மா, பொட்டி ஒழுவுதா?" என்றார்.

பெட்டியைத் தூக்கினேன். என் சுடிதாரில் மஞ்சள் கறை. பெட்டியின் அடியில் வெள்ளையாகப் பிசின் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. விரல் நகம் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. உருகி, சுருங்கி, பளபளவென்று. அதே ஓட்டை.

தணல் இல்லை. திருடன் இல்லை. என் மடியில், என் இரண்டு கைகளுக்கு நடுவில், பெட்டியை எண்ணெயே தின்றுகொண்டிருந்தது.

அந்த இடத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது. புல் எண்ணெய் ரப்பரை ஊற வைக்கும். ஊதிப்போன ரப்பர் மூடியில் நிற்காது. நான் பாட்டிலைப் படுக்க வைத்தேன், எண்ணெய் கசிந்தது. முதல் தடவையே பெட்டியின் அடி உள்ளுக்குள் அரிக்கத் தொடங்கியிருக்கும், பாட்டிலை மட்டும் பார்த்த நான் அதைக் கவனிக்கவில்லை. வழிந்த எண்ணெய் மார்க்கர் மையைக் கரைத்தது. தண்ணீருக்குத்தான் அழியாத மை, எண்ணெய்க்கு அல்ல. மீதி எண்ணெய் தெர்மாகோலைக் கரைத்துக்கொண்டு மண் தரையில் இறங்கியது. அறை முழுக்க எப்போதும் அதே வாசனை என்பதால் மூக்கும் காட்டிக் கொடுக்கவில்லை. வேதியியலில் முதல் வகுப்பு வாங்கிய எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அந்தக் கேள்வியையே நான் கேட்கவில்லை. யார் எடுத்தது என்று மட்டும்தான் கேட்டேன்.

அதே நேரம் விடுதி ஞாபகம் வந்தது. முதல் வருடம் ஒரு பெண்ணின் கம்மல் காணவில்லை என்றதும் வார்டன் முதலில் திறக்கச் சொன்னது என் டிரங்குப் பெட்டியைத்தான். மலையிலிருந்து வந்த பெண் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. கம்மல் அன்று மாலையே குளியலறை ஜன்னலில் கிடைத்தது. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று என் துணிகளைத் தரையிலிருந்து எடுத்து மடித்தது என் கைக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆலங்காயத்தில் இறங்கி நிறுவனத்துக்குப் போன் செய்தேன். மாதிரி என் தவறால் கெட்டுப்போனது, ஒரு வாரம் வேண்டும் என்றேன். எதிர்முனையில் சலிப்பாகத்தான் பேசினார்கள், ஆனால் சரி என்றார்கள். அடுத்த பஸ்ஸில் மலை ஏறினேன்.

அக்கா தன் வீட்டு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். அங்கே தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகத்தான் எனக்கு ஆசை. ஆனால் பை கொட்டப்பட்டது எல்லார் முன்னாலும்தானே? "அக்கா, கொஞ்சம் எண்ணெப் பட்டறைக்கு வாங்க" என்றேன். அவர் எழவில்லை. "வேற இன்னா காணோம்?" என்றார்.

"ஒண்ணும் காணாமப் போவலக்கா. தப்பு என்னுது. எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

அவர் முறத்தில் இருந்த சாமையைப் புடைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

பட்டறையில் எல்லாரும் இருந்தார்கள். ஓட்டை விழுந்த பெட்டியைக் காட்டி, ஒரு தெர்மாகோல் துண்டின் மேல் நான்கு சொட்டு எண்ணெய் விட்டேன். எல்லாரும் பார்க்கப் பார்க்க அது புஸ்ஸென்று குழிந்து உள்ளே போனது. பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். "அக்கா ஒரு சொட்டுகூட எடுக்கல. நான்தான் கேவலமா நடந்துக்கிட்டேன்" என்றேன். அந்த மரம் வெட்டிய பேச்சை அன்று தடுக்காமல் நின்றதையும் சேர்த்துச் சொன்னேன். அதைப் பேசிய பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்கா அந்தக் குழியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"பள்ளிக்கூடத்துல அறிவியல் தினத்துக்கு நீதான வந்து, ஆரஞ்சு தோலப் பிழிஞ்சி பலூன வெடிக்க வெச்சே?"

"ஆமாக்கா."

"எம் பொண்ணு அன்னிக்கி வூட்டுக்கு வந்து நாலு பலூன ஒடச்சிக் காட்னா. 'தோல்ல கீற எண்ணெ ரப்பரத் தின்னுடும்மா'ன்னு எனக்கே பாடம் எடுத்தா. எனக்கு ஞாபகம் கீது. சொல்லிக் குடுத்தவங்களுக்கு மட்டும் மறந்து பூட்ச்சா?"

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவருக்கும் வரவில்லை. தராசுத் தட்டில் அப்படியே கிடந்த சாவியை எடுத்து நீட்டினேன். அவர் உடனே வாங்கவில்லை. பாய்லரை எட்டிப் பார்த்து, "சாம்பல்கூட அள்ளல, இப்டியா போட்டு வெப்பீங்க?" என்று மற்றவர்களைத் திட்டிவிட்டு, பிறகுதான் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

அடுத்த வாரம் எண்ணெயை அலுமினிய பாட்டில்களில் நிற்க வைத்து அனுப்பினோம். நிறுவனம் ஒப்புக்கொண்டது. இப்போதும் அவர்களுக்குத்தான் அனுப்புகிறோம். அக்காதான் பாய்லரைப் பார்த்துக்கொள்கிறார். ஆட்டுக்கு உண்ணி வந்தால் இப்போது ஊரே அந்தத் தண்ணீரைப் பிடித்துப் போகிறது. சில நாள் மறதியாக என்னைப் 'பாப்பா' என்றுகூடக் கூப்பிட்டுவிடுகிறார்.

ஒன்று மட்டும் மாறிவிட்டது. முன்பெல்லாம் அவர் பையைச் சரக்கு அறைக்குள் மூலையில் வைப்பார். இப்போது உள்ளே கொண்டு வருவதில்லை. வாசலுக்கு வெளியே ஒரு ஆணி அடித்து, அதில்தான் மாட்டுகிறார், வாயைத் திறந்து, உள்ளே இருப்பது போகிற வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. "உள்ளயே வெய்ங்கக்கா" என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன், "இங்கயே கெடக்கட்டும்" என்பார். தினமும் காலையில் அந்தப் பையைத் தாண்டித்தான் நான் உள்ளே போகிறேன். யாரைப் பற்றியாவது என் மனம் அவசரமாகக் கணக்குப் போடத் தொடங்கினால், எழுந்துபோய் அதை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன்.